பயற்றங்காய் வேரில் முடிச்சு ஏன் இல்லை?

கேள்வி:

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஆறாவது மாடித் தாழ்வாரத்தில் எட்டுத் தொட்டிகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 10 லிட்டர். காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை வெயில் விழும். மண் கனமாக இருக்கிறதே என்று வெறும் தென்னை நார்த்தூளில் நட்டேன். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, சூடோமோனாஸ் மூன்றையும் தூளாக வாங்கி, நான்கு மாதமாகச் சமையலறை ஜன்னலோரம் வைத்துப் பயன்படுத்துகிறேன். பயற்றங்காய்க்குக் காற்றிலிருந்தே தழைச்சத்து கிடைத்துவிடும் என்று நம்பி வேறு உரமே போடவில்லை. ஒரு மாதத்தில் அடியிலைகள் மஞ்சளாகிவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. மிளகாய்க்கு வாரம் ஒரு முறை 15-15-15 உரமும் இந்தத் தூள்களும் சேர்த்தே கொடுத்தேன். வித்தியாசம் தெரியவில்லை. அதில் ஒரு செடி பச்சையாக இருந்தபடியே இரண்டு நாளில் துவண்டு செத்துவிட்டது. இவை போலித் தூள்களா? எவ்வளவு, எப்படிக் கொடுக்க வேண்டும்? குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்து ஊற்றச் சொல்கிறார்களே, அவசியமா? மதுரையிலிருந்து வரும் தங்கையிடம் ரைசோபியம் வாங்கிவரச் சொல்லலாமா?

பதில்:

நீங்கள் வாங்கிய தூள் போலி என்று சொல்ல உங்கள் கடிதத்தில் எந்தத் தடயமும் இல்லை. ஆனால் அசல் தூளாகவே இருந்தாலும், நீங்கள் வைத்த இடத்திலும் கொடுத்த விதத்திலும் அது வேலை செய்திருக்காது. நுண்ணுயிர் உரம் என்ற பெயரே பலரையும் தடுமாற வைக்கிறது. அது உரம் அல்ல, உயிர். அதற்குத் தின்ன வேண்டும், ஈரம் வேண்டும், நிழல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கு அந்தத் தொட்டியில் செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும். உங்கள் தொட்டிகளில் இவற்றில் எதுவும் இருக்கவில்லை.

பயற்றங்காயை முதலில் பார்ப்போம். அசோஸ்பைரில்லம் எந்தச் செடியிலும் முடிச்சு போடாது. அது வேரின் மேற்பரப்பிலும் வேரை ஒட்டிய மண்ணிலும் வாழும். காற்றிலுள்ள தழைச்சத்தைக் கொஞ்சம் பிடித்துத் தருவது உண்மைதான். ஆனால் அதன் பெரிய உதவி வேறு: இண்டோல் அசிடிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரந்து பக்கவேர்களையும் வேர்த்தூவிகளையும் பெருக்குகிறது. அதிக வேர் இருந்தால் செடி அதிகச் சத்தை உறிஞ்சும், அவ்வளவுதான். உறிஞ்சுவதற்குத் தொட்டியில் சத்து இருந்தாக வேண்டுமே! தமிழ்நாட்டில் வயல்களுக்குச் சொல்லும் பரிந்துரையே, அசோஸ்பைரில்லம் இட்டால் தழைச்சத்து உரத்தில் கால் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதுதான். மீதி முக்கால் பங்கை விவசாயி போட்டே ஆக வேண்டும். நீங்கள் முழுவதையும் நிறுத்திவிட்டீர்கள். வெறும் நார்த்தூளில் தழைச்சத்து ஏறக்குறைய இல்லை. போதாக்குறைக்கு, அது மக்கத் தொடங்கும்போது இருக்கிற கொஞ்சத்தையும் அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களே எடுத்துக்கொள்ளும். செடி தன் பழைய இலையிலிருந்து தழைச்சத்தை உருவிப் புதிய இலைக்கு அனுப்பும். அடியிலை மஞ்சளானது அதனால்தான்.

பயற்றங்காயின் வேரில் முடிச்சு போடுவது ரைசோபியம் குடும்பத்து பாக்டீரியா. அதிலும் எந்த ரைசோபியமும் எந்தப் பயறுக்கும் ஒத்துப்போகாது. பயற்றங்காய், தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து, வேர்க்கடலை இவையெல்லாம் ஏறக்குறைய ஒரே கூட்டம். பிராடிரைசோபியம் என்ற பிரிவைச் சேர்ந்த, தட்டைப்பயற்றுக்கு உரிய வகை இவற்றுக்குப் பொருந்தும். சோயாவுக்கென்று விற்கும் பாக்கெட்டை வாங்கிப் பயற்றங்காய்க்குப் போட்டால் பெரும்பாலும் வீண்தான். நம் பக்கத்து வெப்பமண்டல மண்ணில் தட்டைப்பயற்று வகை இயல்பாகவே பரவிக் கிடக்கிறது. சமூகத் தோட்டத்தில் தரையில் நட்ட பயற்றங்காய் எந்தப் பாக்கெட்டும் இல்லாமல் முடிச்சு போடுவது அதனால்தான். கழுவிக் காயவைத்துக் கட்டியாக அழுத்தி வரும் நார்த்தூளில் அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

அடுத்து பாஸ்போபாக்டீரியா. இது பெரும்பாலும் பேசில்லஸ் மெகாடீரியம் என்ற பாக்டீரியா. மண்ணில் கால்சியத்தோடு பிணைந்து கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை, தான் சுரக்கும் கரிம அமிலங்களால் கரைத்து வேருக்குக் கிடைக்கச் செய்வது இதன் வேலை. நார்த்தூளில் அப்படிக் கரையாமல் கிடக்கும் மணிச்சத்து ஏது? எலும்புத்தூளோ ராக் பாஸ்பேட்டோ சேர்க்காத தொட்டியில் பாஸ்போபாக்டீரியா போடுவது, அரிசி இல்லாத வீட்டில் சமையல்காரரை வேலைக்கு வைப்பது போல. மிளகாய்த் தொட்டியிலோ நிலைமை நேர்மாறு. வாரா வாரம் 15-15-15 போட்டதால் கரையும் சத்து அளவுக்கு மேலேயே இருந்தது. தான் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கைச் செடி வேர் வழியாகக் கசியவிட்டுத்தான் இந்த பாக்டீரியாக்களை வளர்க்கிறது. வேரைச் சுற்றியுள்ள இந்த உயிர் நெரிசல் மிகுந்த மெல்லிய மண்படலத்துக்கு ரைசோஸ்பியர் என்று 1904இல் பெயர் வைத்தவர் ஜெர்மனியின் லோரென்ஸ் ஹில்ட்னர். கேட்காமலே எல்லாம் கிடைக்கும் செடி இந்த உறவுக்கு அதிகம் செலவழிப்பதில்லை. பயற்றங்காயில் இது இன்னும் கண்கூடு: மண்ணில் நைட்ரேட், அதாவது கரைந்த தழைச்சத்து, நிறைய இருந்தால், ரைசோபியம் பக்கத்திலேயே இருந்தாலும் செடி முடிச்சு போடாது.

மூன்றாவது காரணம் ஜன்னலோரம். அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ், ரைசோபியம் மூன்றும் வித்து (ஸ்போர்) உண்டாக்காத பாக்டீரியாக்கள். வெப்பத்திலும் உலர்ச்சியிலும் வெயிலிலும் சீக்கிரம் சாகும். நிலக்கரித்தூள், பீட் போன்றவற்றில் கலந்த தூளுக்கு நல்ல நிலையிலேயே ஆயுள் சில மாதங்கள்தான். அடுப்புச் சூடும் ஜன்னல் வெயிலும் சேர்ந்தால் அதுவும் இல்லை. பேசில்லஸ் இனம் மட்டும் வேறு மாதிரி. அது கெட்டியான வித்தாகச் சுருங்கி வெப்பத்தைத் தாங்கும். ஆகவே உங்கள் மூன்று பாக்கெட்டுகளில் இன்னும் உயிரோடு இருக்கக்கூடியது பாஸ்போபாக்டீரியா மட்டும்தான். மற்ற இரண்டையும் மக்கு உரத்தில் கொட்டிவிடுங்கள், கெடுதல் இல்லை. நம் ஊர்த் தாழ்வாரச் சூட்டுக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பேசில்லஸ் சப்டிலிஸ் வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை. வேரழுகல் பூஞ்சைகளைத் தடுக்கும் பொருள்களை அது சுரக்கிறது, வேரிலும் நன்றாகக் குடியேறும். விலைக்கு ஏற்ற பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வாங்கும்போது லேபிளில் மூன்றைப் பாருங்கள். பாக்டீரியாவின் முழுப் பெயர், ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள பாக்டீரியா, தயாரித்த தேதி. இந்தியச் சட்டத்தில் தூள் நுண்ணுயிர் உரத்துக்குக் குறைந்த அளவு கிராமுக்கு 5 கோடி, திரவத்துக்கு மில்லிலிட்டருக்கு 10 கோடி. எண்ணிக்கையே போடாமல் 'நன்மை தரும் நுண்ணுயிர்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதைத் தொடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில், காற்றுப்புகாத டப்பாவில், உணவிலிருந்து தனியாக வையுங்கள். உறைய வைக்கக் கூடாது.

இனிச் செய்ய வேண்டியது. தொட்டிக் கலவையை மாற்றாமல் எந்தப் பாக்கெட் வாங்கியும் பயனில்லை, ஆகையால் அதுதான் முதல் வேலை. ஒரு 10 லிட்டர் தொட்டிக்கு மண் 4 லிட்டர், நன்றாக மக்கிய உரம் அல்லது மண்புழு உரம் 3 லிட்டர், உங்களிடம் உள்ள நார்த்தூள் 2 லிட்டர், பெர்லைட் அல்லது உமிக்கரி 1 லிட்டர். நர்சரிகளில் சுட்ட மண் கிடைக்கும், கனம் குறைவு, தண்ணீர் நன்றாக வடியும். ஆனால் சுட்டதில் உயிர் இல்லை, ஆதலால் மக்கு உரத்தின் பங்கைக் குறைத்துவிடாதீர்கள். இதோடு எலும்புத்தூள் 20 கிராம், டோலமைட் சுண்ணாம்புத் தூள் 20 கிராம். தேக்கரண்டியில் அளந்தால் ஒவ்வொன்றும் குவித்து மூன்று நான்கு வரும். மக்கு உரம் கைக்குச் சூடாகவோ புளித்த வாடையோடோ இருந்தால் அது இன்னும் மக்கவில்லை. காடு நனைந்த வாசனை வர வேண்டும். மக்காததைப் போட்டால் வேர் வெந்துபோகும். நீங்கள் பழியைப் பாக்டீரியா மேல் போடுவீர்கள்.

நார்த்தூள் கட்டியை ஊறவைத்த தண்ணீரை அப்படியே கலவையில் சேர்க்காதீர்கள். இரண்டு முறை அலசிப் பிழியுங்கள். கடலோரத் தென்னையிலிருந்து வரும் நார்த்தூளில் உப்பு இருக்கும், முளை விடும்போதே இலை நுனி கருகுவது பல நேரம் அதனால்தான்.

தூளை நேரே தொட்டியில் தூவுவதைவிட ஒரு வாரம் வளர்த்துப் போடுவது பல மடங்கு நல்லது. ஒரு கிலோ மண்புழு உரத்தில் 20 கிராம் தூளைக் கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. அகலமான தட்டில் பரப்பி ஈரத்துணி போட்டு, வெயில் படாத மூலையில் ஏழு நாள் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை கிளறி, காய்ந்திருந்தால் கொஞ்சம் தெளியுங்கள். பிறகு ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி, 50 கிராம் அளவில், தண்டை ஒட்டாமல் மூன்று விரல் தள்ளி வட்டமாகப் போட்டு, மேலே ஒரு விரற்கடை மண்ணால் மூடுங்கள். மூட மறந்தால் வெயில் கொன்றுவிடும். மாலை ஆறரை மணிக்கு மேல் செய்வது உத்தமம். நமக்கு ஆண்டு முழுக்க ஏழு மணி வாக்கில்தான் பொழுது சாய்கிறது, இரவு முழுவதும் அவற்றுக்கு ஈரமும் குளிர்ச்சியும் கிடைக்கும். நடும்போது ஒரு முறை, பிறகு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாரல் அடித்துத் தொட்டி வழிந்தோடும் நாட்களில் போடாதீர்கள்.

சிலர் வாரா வாரம் வெல்லக் கரைசலை ஊற்றினால் பாக்டீரியா பெருகும் என்கிறார்கள். தொட்டியில் ஊற்றாதீர்கள். சர்க்கரை கிடைத்ததும் எல்லா நுண்ணுயிரும் ஒரே நேரத்தில் பெருகி, மண்ணில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், வேர் மூச்சுத் திணறும். எறும்பும் சிறு கொசு போன்ற பூஞ்சை ஈக்களும் வந்து, தாழ்வாரத்தில் அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல்தான் மிஞ்சும். மக்கு உரம்தான் அவற்றுக்கு நிதானமான சாப்பாடு.

ரசாயன உரத்தை முழுக்க விலக்கச் சொல்லவில்லை. மிளகாய்க்கு 15-15-15 கொடுப்பதானால் லேபிளில் சொன்ன அளவில் பாதி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை. நுண்ணுயிர் போட்ட நாளிலிருந்து ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். பயற்றங்காய்க்கு அது வேண்டவே வேண்டாம், மேலே சொன்ன கலவையில் உள்ள மக்கு உரமே முதல் மூன்று வாரத்துக்குப் போதும். தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லி தெளித்திருந்தால் குறைந்தது பத்து நாள் கழித்தே பாக்டீரியா கொடுங்கள். தாமிரம் பூஞ்சையோடு பாக்டீரியாவையும் கொல்லும், நல்லது கெட்டது பார்க்காது.

தங்கையிடம் சொல்லிவிடுங்கள், ரைசோபியம் கொண்டுவர வேண்டாம். மண்ணையும் உயிருள்ள நுண்ணுயிர்களையும் தேசியப் பூங்காக் கழகத்தின் முன் அனுமதி இல்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவரக் கூடாது. இது வெறும் காகித விதி அல்ல. ஒரு பாக்கெட்டில் லேபிளில் எழுதியது மட்டும்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நம் சின்னத் தீவில் புதிய பயிர் நோய் ஒன்று நுழைந்தால் அடக்குவது பெரும்பாடு. அதோடு, உங்களுக்கு வேண்டிய ரைசோபியம் இங்கேயே இருக்கிறது.

2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய கம்யூனிட்டி இன் புளூம் திட்டத்தால் குடியிருப்புப் பேட்டைகளில் சமூகத் தோட்டங்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் வட்டாரத்துத் தோட்டத்தில் பயற்றங்காய் நட்டிருப்பவரிடம் பேசி, பூத்து நிற்கும் ஆரோக்கியமான ஒரு செடியை அவர் எடுக்கும்போது வேரைக் கேட்டு வாங்குங்கள். செடியைப் பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். நீங்கள் பிடுங்கிப் பார்த்தபோதும் அப்படி நடந்திருக்கலாம், ஆனால் மஞ்சள் இலையையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் செடியில் முடிச்சே இல்லை என்பதுதான் பொருந்துகிறது. சிறு மண்வெட்டியால் ஒரு சாண் அகலத்துக்கு மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, ஆட்டி ஆட்டி மண்ணைக் கரையுங்கள்.

இப்போது வேரைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். மிளகு அளவிலோ அதைவிடச் சிறிதாகவோ உருண்டைகள் வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் தட்டினால் தனியே உதிரும். அதுதான் முடிச்சு. உதிராமல், வேரே அங்கங்கே பருத்து, மணி கோத்தது போல் கரடு தட்டியிருந்தால் அது நூற்புழுவின் வேலை. அந்த வேரையும் அந்த மண்ணையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். இரண்டையும் ஒன்றென்று நினைத்து நூற்புழுவைத் தொட்டி தொட்டியாகப் பரப்பியவர்கள் நிறையப் பேர்.

நல்ல முடிச்சு ஒன்றை பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, மாதுளை முத்தின் வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவு. காற்றின் தழைச்சத்தைப் பிடிக்கும் நைட்ரோஜினேஸ் என்ற நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுப்பது இந்தச் சிவப்புப் பொருள்தான். வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் வேலை தொடங்கவில்லை, அல்லது உதவாத வகை உள்ளே புகுந்திருக்கிறது. பச்சையோ பழுப்போ என்றால் அதன் காலம் முடிந்துவிட்டது.

சிவந்த முடிச்சு பதினைந்து இருபது சேர்ந்ததும் சுத்தமான நீரில் இரண்டு மூன்று முறை கழுவி, ஒரு கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கரண்டி முதுகால் நசுக்குங்கள். ஆறிய சோற்றுக் கஞ்சி அரைத் தேக்கரண்டி சேருங்கள், உப்புப் போடாத கஞ்சி. பயற்றங்காய் விதைகளை அதில் புரட்டி, நிழலில் தட்டில் பரப்பி அரை மணி நேரம் உலரவிட்டு, அன்று மாலையே நடுங்கள். இரண்டு சென்டிமீட்டர் ஆழம், தொட்டிக்கு மூன்று விதை, முளைத்தபின் நல்ல இரண்டை விட்டு ஒன்றைக் கிள்ளிவிடலாம். கடையில் விதை வாங்கும்போது அதன் மேல் சிவப்பு அல்லது பச்சைச் சாயம் பூசியிருந்தால் அதில் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி இருக்கும். அந்த விதையில் இதைப் பூசுவதில் பயனில்லை. விதையை அப்படியே நட்டு, நசுக்கிய சாற்றை அரை லிட்டர் தண்ணீரில் கலந்து, முளைத்த நான்காம் ஐந்தாம் நாள் வேரடியில் ஊற்றுங்கள்.

மூன்று வாரத்தில் சிறு முடிச்சுகள் தெரியத் தொடங்கும். முழு வேகத்தில் வேலை செய்ய நான்கைந்து வாரம் ஆகும். அந்த இடைவெளியில் இலை லேசாக வெளிறினால் பதறி உரம் போட்டுவிடாதீர்கள். பொறுத்தால் ஆறாம் வாரத்தில் தானே கரும்பச்சைக்குத் திரும்பும். தொட்டாற்சுருங்கியின் வேரிலும் முடிச்சு இருக்கிறதே, அதை எடுக்கலாமா என்று கேட்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் வேறு குடும்பத்து பாக்டீரியா, பயற்றங்காய்க்கு உதவாது.

தண்ணீர் விஷயம். நம் குழாய் நீரில் கிருமி நீக்கத்துக்கு இருப்பது குளோரமின். சாதாரணக் குளோரின் போல அது ஒரு இரவில் ஆவியாகிப் போகாது, ஆகவே பிடித்து வைப்பதில் பலன் குறைவு. மூடாத வாளி ஏடிஸ் கொசுவுக்குத்தான் உதவும், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சோதனையில் மாட்டினால் அபராதமும் உண்டு. தினசரி ஊற்றும் தண்ணீருக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், மண்ணிலுள்ள மக்கே குளோரமினை அடக்கிவிடும். பாக்டீரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றும் நாளில் மட்டும் கவனியுங்கள். 10 லிட்டருக்கு, 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையில் கால் பங்கைப் பொடித்துக் கலக்கிப் பத்து நிமிடம் விட்டால் போதும். மீன் தொட்டிக் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தும் சரி, குளோரமினுக்கும் ஆகும் என்று லேபிளில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துவண்ட மிளகாய்தான் எனக்குக் கவலை தருகிறது. இலை மஞ்சளாகாமல், பச்சையாகவே இரண்டு நாளில் சாய்ந்தது என்றால் பாக்டீரியா வாடல் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்பது இதன் காரணி. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் நம் வெப்பத்தில் இதுதான் பெரிய எமன். செடி இன்னும் கையில் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். மண்ணுக்குச் சற்று மேலே, தண்டை இரண்டு அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் வைத்து, தண்டின் வெட்டிய நுனி மட்டும் நீரைத் தொடும்படி பிடித்து, ஆடாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். பின்னால் கறுப்புத் துணி வைத்தால் தெளிவாகத் தெரியும். வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெண்மையாக ஏதோ இழை இழையாக இறங்கினால் சந்தேகமே வேண்டாம். நீரோட்டக் குழாய்களை அடைத்திருந்த பாக்டீரியாக் கூட்டம்தான் அது. இழை இறங்காமல், வேர் பழுப்பாகக் குழைந்து தோல் உருவிக்கொண்டு வந்தால், அது தண்ணீர் தேங்கியதால் வந்த அழுகல். அதற்குத் தொட்டியின் அடித்துளைகளையும் தட்டையும் பாருங்கள்.

வாடல் என்று உறுதியானால் அந்தச் செடியை எந்த பாக்டீரியாவும் காப்பாற்றாது. சூடோமோனாஸ், பேசில்லஸ் இரண்டும் நாற்றுப் பருவத்திலேயே வேரில் இடம் பிடித்துவிட்டால் நோய் நுழைவதைக் குறைக்கும், நுழைந்த பின் துரத்தாது. செடியையும் கலவையையும் இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், மக்கு உரத்தில் சேர்க்கக் கூடாது. அந்தக் கிருமி மண்ணில் நீண்ட காலம் தங்கும். தொட்டியையும் கத்தரிக்கோலையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வீட்டு பிளீச் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். அந்தத் தொட்டியின் தட்டிலிருந்து வழிந்த தண்ணீர் பக்கத்துத் தொட்டிக்குப் போயிருந்தால் அதையும் கண்காணியுங்கள். அந்த இடத்தில் அடுத்து வெண்டையோ கங்கோங் கீரையோ வையுங்கள். கத்தரியே வேண்டும் என்றால் சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டிய நாற்று நல்ல வழி, சுண்டை இந்த நோயை நன்றாகத் தாங்கும். சமூகத் தோட்டத்திலிருந்து முடிச்சு எடுக்கும்போதும் இதை மனத்தில் வையுங்கள்: தக்காளியோ கத்தரியோ வாடிச் செத்த பாத்தியிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம்.

புதிய மிளகாய் நாற்றுக்கு, 10 கிராம் சூடோமோனாஸ் அல்லது பேசில்லஸ் சப்டிலிஸ் தூளை, வைட்டமின் சி கலந்த ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, நாற்றின் வேரை இருபது நிமிடம் நனைத்து நடுங்கள். மீந்த கரைசலை வேரடியிலேயே ஊற்றிவிடலாம். கரைத்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை, தயவுசெய்து இதை அலட்சியப்படுத்த வேண்டாம். கடையில் வாங்கும் இந்த நுண்ணுயிர்களுக்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் நம் ஊர் மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற கடுமையான நோயைத் தரும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியாவும் இயற்கையாக உண்டு. வெட்டுக்காயம் வழியாகவும், மண் தூசியை மூச்சில் இழுப்பதாலும் அது உடலில் புகும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். நம் குடும்பங்களில் நீரிழிவு இல்லாத வீடு ஏது? கையுறை, மூடிய காலணி, உலர்ந்த மக்கு உரத்தைக் கிளறும்போது முகக்கவசம், முடிந்ததும் சோப்பு. புண் இருந்தால் ஆறும் வரை மண்ணைத் தொடாதீர்கள்.

அடுத்த முறை 'வித்தியாசம் தெரியவில்லை' என்று குழம்பாமல் இருக்க, எட்டில் ஆறு தொட்டிகளை ஒரே கலவை, ஒரே விதை, ஒரே நாள் என்று நட்டு, மூன்றுக்கு மட்டும் தூளைக் கொடுங்கள். மற்ற மூன்றுக்கும் அதே அளவு தூளை, ஆனால் ஈரப்படுத்தி பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வேகவைத்து ஆறியபின் கொடுங்கள். தூளோடு வரும் கொஞ்சம் சத்து இரு பக்கமும் சமமாகிவிடும், உயிர் மட்டும் ஒரு பக்கம் இருக்கும். தாழ்வாரத்தில் ஓரத் தொட்டிக்கு வெயில் கூடுதலாக விழும், ஆகவே இரு வகையையும் மாற்றி மாற்றி வரிசையில் வையுங்கள். கறுப்புத் தொட்டிகளின் வெயில் படும் பக்கத்துக்கு வெள்ளைத் துணியோ அட்டையோ கட்டுங்கள். முற்பகல் வெயிலில் தொட்டிச் சுவரை ஒட்டிய மண் கொதிக்கும், வேர் நுனிகளும் அவற்றில் ஒட்டிய பாக்டீரியாவும் அதிகம் இருப்பது அந்த ஓரத்தில்தான். நடக்கும் வழி 1.2 மீட்டர் விட்டிருக்கிறதா என்பதையும் வரிசை வைக்கும்போதே அளந்துகொள்ளுங்கள்.

பயற்றங்காய் காய்த்து ஓய்ந்ததும் செடியைப் பிடுங்காதீர்கள். மண் மட்டத்தில் வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விடுங்கள், முடிச்சில் மிச்சமிருக்கும் தழைச்சத்தும் ரைசோபியமும் அந்த மண்ணிலேயே தங்கும். பதினைந்து நாள் ஈரமாக மூடி வைத்துவிட்டு, அதில் ஒரு பிடி பாயாம் கீரை விதை தூவுங்கள். அடுத்த பயற்றங்காய்த் தொட்டிக்கு இந்த மண்ணில் இரண்டு கைப்பிடி கலந்தால் போதும், முடிச்சு தேடிப் போக வேண்டியதில்லை.